எவராலும் பயன்படுத்தப்படாத இடம்

நான் எழுதிய ஒரு வரியால் ஒரு கபடித் திடல் இருபது ஆண்டுகளுக்கு மேல் குப்பைமேடாகக் கிடந்தது. அந்த வரி பொய். தெரிந்தே எழுதினேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது நடுவில் எங்காவது எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிடும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் ஏரிக்கரையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினோம். நான் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நானும் என் மனைவியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "சென்னையில் வீடு" என்று ஊரில் சொல்லிவிட்டோமே தவிர, எனக்கு இந்த இடத்தைப் பற்றி உள்ளுக்குள் ஒரு வெட்கம் இருந்தது. எழும்பூரில் நின்று ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர், "அங்கேர்ந்து ரிட்டன் சவாரி கெடைக்காது சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் ஒன்று ஏரி உடைந்திருக்கும், இல்லையென்றால் யாரையாவது வெட்டியிருப்பார்கள். என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் முகவரிக்குக் கீழே "அண்ணா நகர் அருகில்" என்று அச்சடிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பி அண்ணா நகர் முழுக்கத் தேடிவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு முடிய வேண்டிய நேரத்துக்கு வந்து இறங்கினார்கள். என் சம்பந்தி இன்றுவரை அதை மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரில் அந்தத் திடல். வருவாய்க் கணக்கில் அது களம் புறம்போக்கு. இங்கிருந்த பழைய குடும்பங்கள் நெல் அடித்த இடம். வயல்கள் எங்களுக்கு மனைகளாக விற்கப்பட்ட பிறகு அடிக்க நெல் இல்லை. களத்தில் அவர்கள் பிள்ளைகள் கபடி ஆடத் தொடங்கினார்கள். மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு இழுத்திருந்தார்கள். பையன்கள் ஆடி முடித்ததும் பெண்கள் ஒரு மணி நேரம் ஆடுவார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தில் போட்டி நடக்கும். மாங்காட்டிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அணிகள் வரும். பறையும் கானாவும் மைக்கும் சேர்ந்து எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அப்படி ஒரு ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் விருந்தினர்கள். நான் இறங்கிப் போய் மைக்கை நிறுத்தச் சொன்னேன். பையன்கள் தயங்கினார்கள். கால்சட்டைக்கு மேல் அண்ணனின் சட்டையைப் போட்டிருந்த ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், முழங்கையில் மண்ணோடு முன்னால் வந்தாள்.

"இன்னாத்துக்கு சார் நிறுத்தணும்?"

"வீட்டில் பேச முடியவில்லை. காது கிழிகிறது."

"நீ இங்க வர்றதுக்கு மின்னாடியே நாங்க ஆடிகினு கீறோம். சத்தம் வந்தா ஊட்டுக் கதவ சாத்திக்கோ. நாங்க இன்னா உன் ஊட்டு ஹால்லயா பாடிப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மைக்கில் இருந்தவன், "அண்ணாத்தே, பாயின்ட் அந்தப் பொண்ணுக்கு!" என்று அறிவித்தான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மனு எழுதினேன். ஊர் நன்மைக்காக என்று பல ஆண்டுகள் என்னையே நம்ப வைத்திருந்தேன்.

மனு எழுதுவது என் தொழில். நான் எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு உண்டு. குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு அப்போது நான் தலைவர். எழுதினேன்: "மேற்படி இடம் பல ஆண்டுகளாக எவராலும் பயன்படுத்தப்படாமல் வெறுமனே கிடப்பதாலும், மாலை வேளைகளில் சமூக விரோதிகள் கூடுவதாலும், அதைச் சுற்றி வேலி அமைத்துப் பூங்காவாக்கித் தருமாறு வேண்டுகிறோம்." யாரும் பயன்படுத்தாத இடத்தில் மாலைதோறும் எப்படிக் கூட்டம் கூடும் என்று ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட எங்கள் காலனிக்காரர்களும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் படித்துவிட்டு, "என்னங்க, தினம் மொட்டைமாடியில துணி எடுக்கும்போது பாக்குறேனே, அதுங்க ஆடுறத? எவரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். "ஆபீஸ் பாஷை அப்படித்தான்" என்றேன்.

மூன்று மாதத்தில் வேலி வந்தது. இரும்புக் கதவு வந்தது, பூட்டு வந்தது. பூங்கா வரவில்லை. ஒரு காலையில் குப்பை லாரி வந்தது. தற்காலிகம் என்றார்கள். பூட்டிய காலி மனை இந்தப் பக்கத்தில் காலியாக இருக்காது என்பது இங்கே வளர்ந்த குழந்தைக்கும் தெரியும். வாசலில் நாலு பேர் ஆடிக்கொண்டிருக்கும்வரை எந்த லாரியும் உள்ளே வர முடியாது. ஆடுகிறவர்களைத் துரத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். லாரிக்கு வழிவிட்டதும் நான்தான்.

ஈ வந்தது, நாற்றம் வந்தது. நாங்கள் ஜன்னல்களை மூடினோம். பையன்கள் தொழிற்பேட்டைப் பக்கம் வேறு மைதானம் தேடிப் போய்விட்டார்கள். பெண்களை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பவில்லை. அவர்கள் ஆட்டம் அந்த ஆண்டோடு முடிந்தது. இது எனக்குப் பிறகு தெரிந்தது என்று எழுத ஆசை. அப்போதே தெரியும்.

குப்பையை எடுக்கச் சொல்லி நான் மறுபடி மறுபடி எழுதினேன். ஒவ்வொரு பதிலிலும் 'பார்வை' என்ற தலைப்பின் கீழ், முதல் எண்ணில், என் பழைய மனு இருந்தது. அலுவலக வழக்கம் அது. ஒரு விஷயத்தில் முதலில் வந்த கடிதம் எதுவோ அதை ஒவ்வொரு கடிதத்திலும் மேலே குறிப்பிட வேண்டும். யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள். எடுத்து எழுதிக்கொண்டே போவார்கள். நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். இப்படியாக, எவராலும் பயன்படுத்தப்படாத இடம் என்பது அரசாங்கத்தின் உண்மையாகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வாக்குக் கேட்டு வந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. முழங்கையில் மண் இல்லை, தலையில் இரண்டு நரை. அன்றைக்கு என்னிடம் பதில் பேசிய அதே பெண். என்னைப் பார்த்து, "சார், ஓட்டு போடு. பிடிக்கலைன்னா அடுத்த தபா மாத்திக்கோ" என்றார். அவ்வளவுதான். பழையதைப் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஜெயித்துக் கவுன்சிலரானார். முதல் வேலையாக ஏரிக்கு வரும் கால்வாயில் இறங்கி நின்றுகொண்டு, அடைப்பை எடுக்கும்வரை மேலே ஏற மாட்டேன் என்றார். எடுத்தார்கள். மூடிக் கிடந்த சத்துணவுக் கூடத்தை வாசகசாலையாக்கினார். ஞாயிறு மாலைகளில் ஏரிக்கரையில் பறையும் கானாவும் ஏற்பாடு செய்தார். அடுக்கு மாடிகளில் இருக்கும் கணினிக் கம்பெனிப் பிள்ளைகள் முதலில் பால்கனியிலிருந்து கைபேசியில் படம் எடுத்தார்கள். பிறகு கீழே வந்தார்கள். பிறகு அவர்களில் இரண்டு பேர் பறை கற்றுக்கொள்ளப் போனார்கள்.

பெண் பிள்ளைகளுக்குக் கபடி தொடங்கினார். திடல் இல்லாததால் எங்கள் தெருவில், தார் ரோட்டின் மேல் பாய் விரித்து ஆடினார்கள். கார் வந்தால் பாயைச் சுருட்டுவார்கள், போனதும் விரிப்பார்கள். முழங்கால்கள் தேய்ந்தன. அந்தத் தேய்ந்த முழங்கால்களோடு மாவட்ட அளவில் ஜெயித்து வந்தார்கள். பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. ஏரி உடையவில்லை, யாரையும் வெட்டவில்லை. அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன். படித்துவிட்டு எதிரே இருந்த குப்பைமேட்டைப் பார்த்தேன்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வாசகசாலைக்குத் தினமும் போவேன். அவர் வருவார், "சாப்ட்டியா சார்?" என்பார். "ஆயிற்று" என்பேன். இரண்டு ஆண்டுகள் இப்படி.

பிறகு மாநகராட்சி அலுவலகம் அந்த இடத்தில் நிரந்தரமாகக் குப்பை பிரிக்கும் ஷெட் கட்ட முடிவு செய்தது. பாதி இடத்தில் ஷெட். மீதிப் பாதியில் எங்கள் சங்கத்துக்கு நடைபாதை. சங்கத்தின் இன்றைய செயலாளர் நாற்பது வயதுக்காரர், நல்ல வேலையில் இருப்பவர். நடைபாதை கிடைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கவுன்சிலர் எதிர்த்தார். முழு இடமும் திடலாக வேண்டும் என்றார். வாசகசாலையில் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். தெருவில் ஆடும் பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு வந்த பொறியாளர் மரியாதையானவர். கோப்பைப் பிரித்தார். "அம்மா, இது முன்பு விளையாட்டுத் திடலாக இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால் நாங்கள் ஷெட் கட்ட மாட்டோம். ஆனால் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. பார்வை ஒன்றில் நலச்சங்கத் தலைவர் மனு இருக்கிறது. 'பல ஆண்டுகளாக எவராலும் பயன்படுத்தப்படாமல்' என்று இந்தத் தெருக்காரர்களே எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

செயலாளர் என் பக்கம் குனிந்தார். "சார், நீங்க எதுவும் பேச வேண்டாம். நமக்கு வாக்கிங் டிராக் வந்துடும். பழசைக் கிளறினா ரெண்டும் போயிடும்."

அப்போது நான் எழுந்திருக்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும். பொறியாளர் கோப்பை மூடி நாடாவைக் கட்டத் தொடங்கினார். சுவரோரத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "நம்ம ஊர்ல எவனும் கபடியே ஆடல போலடி" என்றாள். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

"அந்த மனுவை எழுதியவன் நான். அது பொய்."

பொறியாளர் நாடாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"அங்கே தினமும் கபடி ஆடினார்கள். என் வீட்டு மாடியிலிருந்து தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இல்லையென்று எழுதினேன்."

"சார், உட்காருங்க சார்" என்றார் செயலாளர். பின்னாலிருந்து யாரோ, "இத்தினி வருஷம் இன்னா தூங்கிகினு இருந்தியா, நைனா?" என்று கத்தினார்கள். இன்னொருவர், "பெருசுக்கு இப்பதான் மூச்சு வந்துகீது!" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். உட்காரவில்லை.

பொறியாளர் மெதுவாகச் சொன்னார். "ஐயா, பொய்யான மனு கொடுத்ததாக நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம். நீங்கள் ஓய்வூதியம் வாங்குபவர். யோசித்துப் பேசுங்கள்."

"எடுங்கள். நீங்கள் எடுக்கும் நடவடிக்கையிலாவது அது திடல் என்று பதிவாகட்டும்."

கவுன்சிலர் என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். எழுபத்தாறு வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஜெயிச்ச மறுவாரமே ஃபைல வாங்கிப் படிச்சிட்டேன். உன் கையெழுத்து. நீயா சொல்றியான்னு ரெண்டு வருஷமா பாத்துகினு கீறேன். டெய்லி சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேட்டேனே, எதுக்குன்னு நெனச்சே?"

என் பதிலுக்குக் காத்திராமல் மேசையைக் காட்டினார்.

"வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது. எழுது. நீதான் நல்லா எழுதுவியே."

ஒரு பெண் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை: நான் கொடுத்த மனு. அந்த இடத்தில் பல ஆண்டுகளாக ஆண்களும் பெண்களும் கபடி ஆடிவந்தனர் என்று எழுதி நிமிர்ந்தேன்.

"யார் யாருன்னு எழுது" என்றார் கவுன்சிலர்.

பேனா நின்றுவிட்டது. அந்தப் பெண்களை ஆறு ஆண்டுகள் தினமும் பார்த்திருக்கிறேன். யார் இடது பக்கமாகப் பாடிப் போவாள், யார் கணுக்காலைப் பிடிப்பாள் என்று இன்றும் சொல்வேன். ஒருத்தியின் பெயரும் எனக்குத் தெரியாது. எதிரில் நிற்கும் கவுன்சிலரின் பெயரையே சுவரொட்டியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அது அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, நான் சொல்றேன், எழுதிக்கோ" என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவரையும் சேர்த்து ஏழு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் எங்கே இருக்கிறாள் என்று சொன்னார். ஒருத்தியை அந்த வருஷமே கட்டிக் கொடுத்து மாங்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி வானகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். ஒருத்தி போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாம் என்றிருந்தாள். இப்போது பூந்தமல்லியில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள்.

"நீ இத எழுதிக் கொடுத்தா கிரவுண்டு வரும். அது கரெக்ட்டு" என்றார் கவுன்சிலர். குரல் உயரவில்லை. "எங்க ஏழு பேருக்கும் இன்னா எழுதிக் கொடுப்பே?"

  கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன்.

அடுத்த வாரமே சங்கம் என்னை நீக்கியது. செயலாளர் வீட்டுக்கு வந்து, "சார், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா காலனிக்கு நீங்க பண்ணது துரோகம்" என்றார். என் மனைவி உள்ளேயிருந்து, "தம்பி, காலனிக்கு அவர் பண்ணுன முத நல்ல காரியம் இதுதான். காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடிக்காமல் போனார்.

மாநகராட்சியிலிருந்து ஒரு காலையில் கள ஆய்வுக்கு வந்தார்கள். இரும்புக் கதவைத் திறந்தார்கள். ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் மகனின் வண்டியில், ஒருவர் ரயிலில், இட்லிக் கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு. நடுவயதுப் பெண்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குப்பைமேட்டின் மேல் ஏறினார்கள். மாங்காட்டுக்குப் போனவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் காலால் தட்டினார். "இங்கதான் நடுக்கோடு. தோண்டிப் பாரு." ஆட்கள் தோண்டினார்கள். நெகிழிப் பைகளுக்கும் தேங்காய் ஓடுகளுக்கும் கீழே, இடுப்பளவு ஆழத்தில், சலித்த செம்மண் வந்தது. ஒரு கல்கூட இல்லாத மண்.

பொறியாளர் அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். இருந்தாலும் கேள்வி கேட்பது அவர் கடமை. "மண் சரி, அம்மா. நீங்கள்தான் ஆடினீர்கள் என்பதற்கு ஏதாவது சான்றிதழ், போட்டோ?"

இட்லிக் கடைக்காரர் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கினார். முழங்காலில் பெரிய பழைய தழும்பு. "இத்தப் பாரு சார். இதுக்கு எந்த ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கணும், சொல்லு, வாங்கியாறேன்."

பொறியாளரே சிரித்துவிட்டார். படிவத்தை எடுத்து ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்க ஆயத்தமானார். என்னைப் பார்த்து, "ஐயா, பெரியவர், நீங்கள் முதலில் போடுங்கள்" என்றார்.

"அவரு கடைசில போடட்டும்" என்றார் கவுன்சிலர்.

எட்டாவதாகப் போட்டேன்.

நாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது வழக்கமான நேரத்துக்குக் குப்பை லாரி வந்து வாசலில் நின்றது. கவுன்சிலர் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார். மற்ற ஆறு பேரும் நின்றார்கள். தெருவில் ஆடும் பெண்கள் பள்ளிச் சீருடையோடு ஓடிவந்து நின்றார்கள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, வழி விடு. லோடு கீது. ஆர்டர் இல்லாம நான் எங்க கொட்டுவேன்?"

"எங்க ஆர்டர் போட்டாங்களோ அங்கியே கொண்டு போய்க் கொட்டு. ஆபீஸ் வாசல் பெருசாதான் கீது."

பொறியாளர், "அம்மா, உத்தரவு வரட்டும், அதுவரை..." என்று தொடங்கினார். யாரும் நகரவில்லை.  ஓட்டுநர் லாரியைப் பின்னால் எடுத்தார்.

உத்தரவு வர இரண்டரை மாதம் ஆயிற்று. முழு இடமும் திடல் என்று வந்தது. அதுவரை தினமும் லாரி வரும் நேரத்துக்கு அவர்கள் வாசலில் நின்றார்கள். மழையிலும் நின்றார்கள். ஏழு பேராலும் தினமும் வர முடியாது. வர முடிந்தவர்கள் வந்தார்கள். சிலநாள் கணினிக் கம்பெனிப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற வழியில் பையோடு நின்றார்கள். நானும் நின்றேன், ஒருநாள் விடாமல். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.